காதுக்குள் கதை சொல்லும் கல்வெட்டு

கையில் போன், காதில் இயர்போன். பிரான்ஸ் நாட்டின் வடக்கே வில்லேர்-பிரெத்தொன்னே என்ற சிற்றூரில் இருக்கும் போர் நினைவிடத்தை இப்படித்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். ‘நினைவிடத்துல போய் போனை நோண்டுவாங்களா?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால், அங்கே போன்தான் வழிகாட்டி!

முதல் உலகப்போரில் பிரான்ஸில் இறந்து, எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றே தெரியாமல் போன 10,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. அந்த நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது 1938-ல். அதன் பின்புறம் 2018 ஏப்ரலில் ‘சர் ஜான் மோனாஷ் மையம்’ என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதன் செயலியை போனில் இறக்கிக்கொண்டால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு உரிய கதை காதில் ஒலிக்கும். ஆங்கிலம், பிரெஞ்சு, அன்றைக்கு எதிரியாக இருந்த ஜெர்மனியின் மொழி என மூன்றிலும் கேட்கலாம். உள்ளே எங்கு பார்த்தாலும் திரைகள். ஆனால், அவற்றின் பேச்சு அவரவர் காதில் மட்டும். தனி அரங்கு ஒன்றில், போர்க்களத்துக்கு நடுவே நிற்பதுபோலச் சுற்றிலும் காட்சிகள் ஓடும்.

தொழில்நுட்பம் இருக்கட்டும். அந்தச் செயலிக்குள் இருப்பது என்ன? வீரர்கள் எழுதிய கடிதங்கள், டைரிகள், போட்டோக்கள். 2018-ல் போனுக்குள் போனவற்றை, 100 வருடங்களாக யாரோ பெட்டியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்!

இப்போது நம் கொங்கு மண்ணுக்கு வருவோம். அரச்சலூர் பக்கத்தில் இருக்கிறது ஓடாநிலை. ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். அவரை 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஓடாநிலையில் மணிமண்டபம் இருக்கிறது. ஆடி 18 அன்று அரசு விழாவும் நடக்கிறது. ஆனால், அவர் கட்டிய கோட்டை? பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

மோனாஷ் மையம் போன்ற ஒரு செயலி மிகவும் தேவைப்படுவது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். போனைத் தூக்கிப் பிடித்தால் வெறும் தரையில் கோட்டை எழ வேண்டும். ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதை காதில் கேட்க வேண்டும். கூடவே, எது ஆவணத்தில் உள்ளது, எது வழிவழியாக வந்த சேதி என்பதையும் செயலி பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், அதுவும் ஒரு சினிமாவாகிவிடும்!

கதை சேகரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மணிக்கூண்டு சாட்சி. ‘வேலூரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. அந்த 14 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் இந்தக் குறை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் தனித்தனியாக கிரானைட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் இணையதளத்திலும் பெயர்களைத் தேடலாம்.

அதற்கு முன்பு, இரண்டு உலகப்போர்களில் இறந்தவர்களைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி கிடைக்கும்; பலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருக்கும் என்பதால், நான்கைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்றே தேடுங்கள். அன்றைக்கு எல்லாம் ஒரே மாவட்டம்தான்.

தேடிக் கிடைத்தாலும் அது பெயர்தான். கதை இருப்பது நம் வீடுகளில். 1971 போரில் 20 வயது இளைஞராக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பரண் மேல் ஏறியிருக்கும் டிரங்க் பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் புக், மெடல், மஞ்சளேறிய போட்டோ எல்லாம் இருக்கலாம். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவை பழைய பேப்பர்காரரிடம் போகாமல் இருக்க வேண்டும்.

அரசு செயலி செய்யும்போது செய்யட்டும். நம் கையிலும் போன் இருக்கிறதே! ஒவ்வொரு தாளையும் பகல் வெளிச்சத்தில், பின்பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். போட்டோவில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு உடனே எழுதிவையுங்கள். பிறகு ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் உட்காருங்கள்.

‘போர்ல என்னங்க நடந்துச்சு?’ என்று கேட்டால் பலரும் வாய் திறக்க மாட்டார்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “அப்புச்சி, நீங்க பட்டாளத்துக்குக் கெளம்புன அன்னைக்கு ஊட்டுல ஆராரு அழுதாங்க?”