நிலைய வரலாறு எழுதப்பட வேண்டும்

குமணன்சாவடியில் மாங்காடு சாலைக்குத் திரும்பி குன்றத்தூர் போய்ச் சேர்வதற்குள் பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் என்று மூன்று காவல் நிலையங்களின் எல்லைக்குள் போய் வருகிறோம். முதல் இரண்டும் ஆவடி ஆணையரகம், மூன்றாவது தாம்பரம் ஆணையரகம். வருவாய்த் துறைக் கணக்கில் பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். மற்ற இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம். இந்தச் சாலையில் கைப்பேசியைப் பறிகொடுத்தவர், “இது எந்த ஸ்டேஷன் லிமிட்?” என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் புகார் கொடுக்கக் கிளம்புகிறார்.

எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் புகாரைப் பெற வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருப்பதால் புகார்தாரரின் அலைச்சல் குறைய வழி பிறந்திருக்கிறது. விசாரணை அதிகாரியின் சிக்கல் வேறு. தன் எல்லையில் முன்பு என்ன நடந்தது என்பதை அவர் யாரிடம் கேட்பார்?

இந்தப் பகுதி கைமாறிய கதையைப் பாருங்கள். வெள்ளையர் காலத்தில் பூந்தமல்லி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டக் காவலுக்கு 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். மாநகரக் காவலுக்கு 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம். மாவட்டக் காவலில் நெடுங்காலம் இருந்த பூந்தமல்லி, பின்பு சென்னைப் புறநகர் ஆணையரகத்துக்குப் போனது. 2011இல் புறநகர், மாநகரத்தோடு இணைந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பின்படி சென்னை மூன்றாகப் பிரிந்து, 2022 ஜனவரி 1 அன்று ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் பிறந்தன. நிலையம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலதிகாரியும், அறிக்கை போகும் அலுவலகமும், பக்கத்து நிலையத்தோடு இருந்த உறவும் மாறின.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வழக்குக் கோப்புகள் ஒழுங்காகக் கைமாறுகின்றன. நீதிமன்றம் கேட்கும் என்ற அச்சம் அதற்குக் காவல். கோப்பில் ஏறாத அறிவுக்கு அப்படிக் காவல் இல்லை. எந்த நிலத் தகராறு பத்தாண்டு கழித்துக் கொலையில் முடிந்தது, எந்தக் கோயில் திருவிழாவில் எந்தத் தெருமுனையில் ஆள் நிறுத்த வேண்டும், எந்த ஹிஸ்டரி ஷீட்டுக்கு உரியவர் திருந்திப் பிழைக்கிறார் – இவையெல்லாம் பழைய ரைட்டருக்கும் பீட் காவலருக்கும் தெரியும். அவர்கள் மாறுதலில் போகும்போது அந்த அறிவும் அவர்களோடு போய்விடுகிறது.

காவல்துறை வரலாறு என்றதும் நாம் ஆணையர்களின் பெயர்ப் பலகையைத்தான் காட்டுகிறோம். 1856இல் சென்னையின் முதல் ஆணையரான போல்டர்சன், 1919இல் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் பராங்குசம் நாயுடு, 2006இல் முதல் பெண் ஆணையரான லத்திகா சரண் ஆகிய பெயர்களை நம் துறையினர் அறிந்திருப்பது அவசியம். எழும்பூரின் பழைய ஆணையர் அலுவலகம் 2021இல் அருங்காட்சியகமானதும் நல்ல தொடக்கம். ஆயினும் யார் எப்போது பதவியில் இருந்தார் என்பது வரலாற்றின் உள்ளடக்கப் பட்டியல் மட்டுமே.

ஓர் அதிகாரி எதனால் வரலாற்றில் நிற்கிறார் என்பதற்கு எட்வர்ட் எலியட் சான்று. சென்னை மாநகரத்தின் தலைமை நீதித்துறை நடுவராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். பெசன்ட் நகர்க் கடற்கரை அவர் பெயரைத் தாங்கியிருப்பது பலருக்கும் தெரியும். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை விசாரித்து 1855இல் அறிக்கை தந்த ஆணையத்தில் ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோரோடு அவரும் ஒருவர். மக்களிடமிருந்தே குறைகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதன் கேட்டை அந்த அறிக்கை வெளிச்சம் போட்டுக் காட்டியது. நான்கு ஆண்டுகளில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மாகாணக் காவலுக்கு முதல் ஐ.ஜி.யாக வில்லியம் ராபின்சன் பொறுப்பேற்றார். தவறுகள் எழுத்தில் ஏறியதால் நடந்த சீர்திருத்தம் இது. பதிவு இல்லாதிருந்தால் சீர்திருத்தத்துக்கு ஆதாரமே இருந்திருக்காது.

ஆவடி ஆணையரகத்தின் முதல் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர் 2023இல் சென்னை மாநகர ஆணையரானார். ஆவடியில் பணியாற்றிய அருணும் 2024இல் அதே பொறுப்புக்கு வந்தார். தலைமை மாறிக்கொண்டேதான் இருக்கும். நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும் இரண்டாண்டு கழித்து ஆள் மாறத்தான் போகிறார். ஆகவே தொடர்ச்சியை ஆளிடம் எதிர்பார்க்காமல் ஏட்டில் ஏற்ற வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒவ்வொரு நிலையமும் தன் எல்லை எந்த அரசாணையால், எந்தத் தேதியில், எந்தத் தெருவரை மாறியது என்று வரைபடத்தோடு ஒரு கோப்பு வைக்கட்டும். பொறுப்பை ஒப்படைக்கும் ஆய்வாளர், சார்ஜ் பட்டியலோடு, பகுதியைப் பற்றிய தன் மதிப்பீட்டையும் தன் காலத்தில் தவறிப்போனவற்றையும் சில பக்கங்களில் எழுதித் தரட்டும். காலாவதியான பதிவேடுகளை அழிக்குமுன் வரலாற்று மதிப்புள்ளவை எவை என்று பார்த்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பட்டும். ஓய்வு பெற்ற ஏட்டுகளையும் எஸ்.ஐ.க்களையும் நிலையத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யட்டும். தனிநபர் அந்தரங்கத்தையும் தகவல் தந்தவர்களின் பாதுகாப்பையும் காக்கும் வகையில், எது உள்பயன்பாட்டுக்கு, எது பொதுவெளிக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

குமணன்சாவடி வழியாக மெட்ரோ பாதை வருகிறது, குடியிருப்பும் கூடுகிறது. நிர்வாக எல்லைகள் மறுபடியும் மாறக்கூடும். அடுத்த மாற்றம் வருவதற்குள் பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் நிலையங்கள் தங்கள் வரலாற்றை எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பணியில் இருப்பவர்களே, உங்கள் நிலையத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள். இந்த இதழ் அதற்கு இடம் ஒதுக்கும்.