கேட்டவர் கடனாளி

ஆராய்ச்சி என்னும் சொல் கோவை மண்ணுக்குப் புதியதன்று. 1912 ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் இங்கே தொடங்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1918 இல், 'கோ 205' என்னும் கலப்பினக் கரும்பு பஞ்சாப் உழவரின் வயலுக்குச் சென்று சேர்ந்தது. அதன் பெயரில் உள்ள 'கோ' நம் ஊரின் முதலெழுத்து. 1956 இல் பஞ்சாலைகளுக்கென்றே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. பஞ்சின் நீளம், நூலின் வலிமை, கதிரின் வேகம் என அங்கே ஆராயப்படுபவை ஆலைகளுக்குப் பயன்படும் வடிவில் ஆலைகளுக்கே திரும்பி வருகின்றன.

கரும்பை ஆராய்ந்தால் பயன் வயலுக்கு வருகிறது. நூலை ஆராய்ந்தால் பயன் ஆலைக்கு வருகிறது. அந்த நூலை நூற்கும் பெண்ணின் படிப்பையும் உழைப்பையும் உடல்நலத்தையும் ஆராய்ந்தால், அதன் பயன் எங்கே போகிறது? இக்கேள்வியைப் பொதுநிலையினர் முன்னும், அருள்பணியாளர் முன்னும், கல்லூரிகளில் பணிபுரியும் அறிஞர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

கொங்கின் கதைகள் சென்ற இடம்

கொங்கு நாட்டு மக்களின் வாழ்க்கை ஆராயப்படவில்லை என்று எவரும் குறை கூற முடியாது. 1960களின் நடுவில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார் பிரெண்டா பெக். அவருடைய நூல் 1972 இல் கனடாவில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு பொருளியல் அறிஞர் ஜூடித் ஹேயர் 1980களின் தொடக்கத்திலிருந்து கோவை மாவட்டச் சிற்றூர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்து, தலித் மக்களின் வேலையையும் கூலியையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலையும், உழைப்பையே தம் மூலதனமாகப் பேசிய கவுண்டர் சமூகத்து முதலாளிகளையும் பற்றி ஷரத் சாரி எழுதிய நூல் 2004 இல் அமெரிக்காவில் அச்சாயிற்று. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீர்ட் டி நீவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகியோர் திருப்பூரையும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் ஆராய்ந்து பல கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

சுமங்கலித் திட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் தனியே சொல்லத்தக்கவை. மூன்றாண்டுக் காலம் ஆலை விடுதியில் அடைபட்டு உழைத்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோருக்கு ஆசை காட்டிய திட்டம் அது. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011 இலும் 2014 இலும் வெளியிட்ட அறிக்கைகளே அதனை உலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தன. மாதவிலக்கு வலியோடு இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை, ஏறத்தாழ நூறு பெண் தொழிலாளரிடம் கேட்டறிந்து, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் 2019 இல் வெளிப்படுத்தினர்.

இவற்றையெல்லாம் நன்றியுடன்தான் குறிப்பிடுகிறேன். இவை இல்லாதிருந்தால் ஆலை மதிற்சுவருக்குள் நடந்தவை மதிற்சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும். வெளிநாட்டுத் துணிக்கடைகள் விடை சொல்ல நேர்ந்ததும் இவற்றால்தான். ஆயினும் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அறிஞர்களுக்காகவும் வெளிநாட்டு வாங்குவோருக்காகவும் எழுதப்பட்டன. ஓர் ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைக்கிறது. ஒரு நூலுக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. கதை சொன்னவளுக்கு என்ன கிடைக்கிறது?

மூன்றாண்டு ஆலையில் உழைத்துத் திரும்பிய ஒரு சகோதரி என்னிடம் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "நாலு வாட்டி எங்கதையச் சொல்லீட்டனுங்க சாமி. சொல்றப்பல்லாம் அழுகாச்சி வந்துருதுங்க. அதுல என்ன எழுதுனாங்கன்னு மட்டும் ஒருத்தரும் வந்து சொல்லலீங்க." இவ்வார்த்தைகளில் கோபம் இல்லை, கணக்கு இருக்கிறது. கொடுத்தவர் தம் கணக்கைச் சொல்லிவிட்டார். பெற்றவர்களே இன்னும் கணக்குக் காட்டவில்லை.

கேட்பதன் இறையியல்

விவிலியத்தில் இருவகையான விசாரணைகளைக் காண்கிறோம். தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுத்தார். வாளேந்தக்கூடியவர் எத்தனை பேர் என்று அறிவதே அவர் நோக்கம். மக்களுக்கு அதனால் நன்மை விளையவில்லை, கொள்ளைநோயே வந்தது. மக்களைத் தன் வலிமைக்குரிய எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் அறிவு எவ்வளவு கற்றறிந்ததாயினும் ஆபத்தானது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மற்றொரு விசாரணை எம்மாவு வழியில் நடந்தது. உயிர்த்த ஆண்டவர் அனைத்தையும் அறிந்தவராயிருந்தும், என்ன நிகழ்ந்தது என்று அவ்விரு சீடரையும் கேட்டார். அவர்கள் தம் துயரத்தை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அவர்கள் சொன்ன கதையின் பொருளை அவர்களுக்கே விளக்கினார். அவர்களோடு பந்தியமர்ந்து அப்பத்தையும் பிட்டுக் கொடுத்தார். கேட்டல், விளக்கல், பகிர்தல் ஆகிய மூன்றும் ஒரே செயலின் மூன்று பகுதிகள். கேட்டதோடு எழுந்து சென்றிருந்தால் அந்தச் சீடர்களுக்கு எம்மாவு ஒரு சோகப் பயணமாகவே முடிந்திருக்கும்.

விடுதலைப் பயண நூலிலும் இறைவன் தம் மக்களின் கூக்குரலைக் கேட்டதோடு நின்றுவிடவில்லை, இறங்கி வந்தார். எனவே ஒருவரின் துன்பத்தைக் கேட்டவர் அவருக்குக் கடன்பட்டவராகிறார் என்பதே என் கட்சி. இக்கடனை மரியாதைக்குரிய நன்றியறிதல் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. இது நீதியின்பாற்பட்ட கடன்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் எழுவாய் மனிதரே என்று கற்பித்தார். ஆராய்ச்சிக்கும் இவ்விலக்கணமே பொருந்தும். இன்றைய ஆய்வேடுகளின் வாக்கியங்களில் ஆய்வாளர் எழுவாயாகவும் தொழிலாளர் செயப்படுபொருளாகவும் நிற்கின்றனர். இவ்விலக்கணப் பிழையைத் திருத்தியாக வேண்டும்.

மூன்று மறுப்புகள்

"அறிவைத் தேடுவது எங்கள் தொழில், தொண்டு செய்வது உங்கள் தொழில்" என்று சில அறிஞர் கூறுவர். நான் அவர்களிடம் தொண்டு கேட்கவில்லை. பிறருடைய கண்ணீரைக் கருப்பொருளாகப் பெற்றவர் முடிவை அவரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட அறநெறிகளே, ஆய்வுக்கு உட்படுவோருக்குப் புரியும் மொழியில் விளக்கி இசைவு பெறுவதையும், ஆய்வின் நன்மையை அவர்களோடு பகிர்வதையும் வற்புறுத்துகின்றன. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் அதே ஆண்டில், தம்மை ஆராய வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று தாமே ஒரு நெறிமுறையை வகுத்து உலகுக்கு அறிவித்தனர். நூற்றாண்டுக் காலம் கேள்விகளுக்கு விடை சொல்லியே சலித்த மக்கள் அவர்கள்.

"படிக்காத மக்களுக்கு ஆய்வு முடிவுகள் புரியமாட்டா" என்பது இரண்டாவது மறுப்பு. தம் வாழ்வைச் சொல்லும் அளவுக்கு அறிவுள்ளவராகக் கருதப்பட்டவர், அதைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்கும்போது மட்டும் அறிவிலியாகிவிடுவாரோ? பிரெண்டா பெக் இதற்கு நல்ல விடை தந்தார். கொங்கு மக்கள் பாடிய அண்ணன்மார் கதையை அவர் 1965 இல் ஒலிப்பதிவு செய்தார். 1992 இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியே அது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பாயிற்று. பின்னர் அக்கதையைத் தமிழிலும் கேட்கத்தக்க அசைவூட்டப் படத் தொடராகவும் ஆக்கினார். காலம் தாழ்ந்தாலும் கடன் திரும்பி வந்தது. அண்ணன்மார் கதைக்கு முடிந்தது ஆலைப் பெண்ணின் கதைக்கு முடியாதா?

மூன்றாவது மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது. "இத்தகைய ஆய்வுகளால் ஊர்ப் பெயர் கெடுகிறது, ஏற்றுமதி பாதிக்கப்படுகிறது, ஏழைகளின் பிழைப்பே போய்விடும்" என்று கத்தோலிக்கரான தொழில்முனைவோர் சிலரும் பேசுகின்றனர். அவர்களுக்கு நொய்யலை நினைவூட்டுகிறேன். உழவருக்கு நீர் தருவதற்காக 1992 இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உண்மையைச் சொன்னவர்கள் தொழிலின் பகைவர் எனப்பட்டனர். இறுதியில் 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே தெருவில் நின்றனர். உண்மையை மூடி வைப்பதால் பிழைப்பு நிலைப்பதில்லை. காலத்தே சொல்லப்பட்ட உண்மையே பிழைப்பைக் காக்கும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

ஆலை விடுதியில், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, "உன்னிடம் சில கேள்விகள் கேட்கலாமா?" என்றால் அச்சிறுமி மறுக்கக்கூடுமா? 2009 இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியரிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே இசைவுப் படிவங்களில் கையெழுத்திட்டனர். அவ்வாய்வு 2010 இல் நிறுத்தப்பட்டது. 2013 இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. நம் துறவு சபைகள் எத்தனையோ விடுதிகளை நடத்துகின்றன. காப்பாளரின் கையெழுத்து ஒரு பிள்ளையின் இசைவாகாது என்பதை அவை தம் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் குறை கூறும் திருச்சபை தன் கணக்கையும் காட்ட வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய கூட்டியக்க மாமன்றப் பயணத்தில் பங்குதோறும் மக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. அவை தொகுக்கப்பட்டு மேலே அனுப்பப்பட்டன. அத்தொகுப்பு எத்தனை பங்குகளில் மக்கள் முன் வாசித்துக் காட்டப்பட்டது? நம் கல்லூரிகளில் நம் மக்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் எத்தனை நம் அன்பியங்களை எட்டுகின்றன?

வழி தெரியாதவர்களல்லர் நாம். பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் ஜோசப் கார்டைன் 1925 இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவியபோது, ஆய்வுக் கேள்வித்தாளைத் தொழிலாளரின் கையிலேயே கொடுத்தார். கூலி, வேலைநேரம், உடன்பணியாளரின் நோய் ஆகியவற்றை அவர்களே விசாரித்தனர், அவர்களே சீர்தூக்கினர், அவர்களே செயல்பட்டனர். 'பார், தீர்ப்பிடு, செயல்படு' என்னும் அம்முறையைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1961 இல் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். தொழிலாளரே ஆராய்ச்சியாளராகும் கலையை உலகுக்குக் கற்றுத்தந்த மரபு நம்முடையது. அதை நாமே மறந்திருக்கிறோம்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். நம் கல்லூரிகளில் மக்களின் வாழ்வை ஆராயும் ஒவ்வோர் ஏட்டுக்கும் எளிய தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும்; அது அவ்வூர் அன்பியக் கூட்டத்திலோ பொதுச் சாவடியிலோ வாசிக்கப்பட்டு, மக்களின் திருத்தங்கள் ஏற்கப்பட்ட பின்னரே நிறைவு பெறட்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இங்கு வந்து உழைப்போரைப் பற்றிய ஆய்வானால், அச்சுருக்கம் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் அமையட்டும். ஆய்வின் கேள்விகளை வகுக்கும்போதே தொழிலாளர் இருவரேனும் உடன் அமரட்டும்.

வாசகர்களே, இனி உங்கள் வீட்டு வாசலுக்கு யாரேனும் கேள்வித்தாளோடு வந்தால் அவரை அன்புடன் வரவேற்று, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அவர் கேட்குமுன் நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யாருக்காக? எனக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுவீர்களா? எழுதி முடித்தபின் எந்த மாதத்தில் திரும்பி வந்து எங்களுக்குச் சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் மாதத்தை வீட்டு நாள்காட்டியில் அவர் கண்முன்னே குறித்து வையுங்கள்.