கப்பல் விட்டால் போதுமா? நாள் தவறாமல் ஓட வேண்டாமா!

இலங்கையில் பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது 2009 மே மாதம். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டதோ 2023 அக்டோபர் 14-ந் தேதி!

நடுவில் 14 வருஷம் போய்விட்டது.

தூரம் ஒன்றும் அதிகம் இல்லை. சுமார் 110 கிலோ மீட்டர். 4 மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆனால் சண்டைக் காலத்திலும், அது முடிந்து பல வருஷமும் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்துக்காரர் கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னைக்கு வர வேண்டுமா? முதலில் 400 கிலோ மீட்டர் தெற்கே கொழும்புக்குப் போகணும். அங்கே விமானம் ஏறி மறுபடி வடக்கே வரணும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்!

போட் மெயில் காலம்

பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழும்பூரில் 'போட் மெயில்' ஏறுவார்கள். தனுஷ்கோடியில் கப்பல். தலைமன்னாரில் மறுபடி ரெயில். அப்படியே கொழும்பு!

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்புறமும் ராமேசுவரத்தில் இருந்து கப்பல் ஓடியது. 1980-களில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது.

வருவதும் நிற்பதும்

போர் முடிந்த பின் 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் விட்டார்கள். கட்டுப்படியாகவில்லை. சில மாதத்தில் நின்றது.

2019-ல் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் வந்தது. 2020-ல் கொரோனா. மறுபடி பறக்க 2022 டிசம்பர் ஆனது.

2023-ல் நாகை கப்பல் வந்தது. சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டு 16-ந் தேதி 'சிவகங்கை' கப்பல் கிளம்பியது. 150 பேர் போகிற சின்னக் கப்பல்.

ஒவ்வொரு தடவையும் விழா, மாலை, கொடியசைப்பு! அதோடு சரியா?

ஒரு சின்னக் கடைக்காரர் முதல் போட்டுச் சரக்கு எடுக்கிறார். கப்பல் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் அவர் எதை நம்பிப் பணத்தைப் போடுவார்? அட்வான்ஸ் கொடுத்த பிறகு கப்பல் நின்றால் வட்டியை யார் கட்டுவது?

கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்தத்தான் வேண்டும். உயிர்தான் பெரிது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை திடீரென்று வருகிற விருந்தாளியா? வருஷா வருஷம் அக்டோபரில் வருகிறதே! எந்தத் தேதியில் நிறுத்துவோம், எந்தத் தேதியில் திரும்ப விடுவோம் என்று முன்கூட்டியே சொல்லலாமே!

அலையைத் தாங்குகிற பெரிய கப்பல் வேண்டும். சிறு வியாபாரியின் மூட்டைக்கும் இடம் வேண்டும். என்ன கொண்டு போகலாம், எவ்வளவு வரி என்று துறைமுகத்தில் தமிழில் போர்டு எழுதி வைக்க வேண்டும்.

துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் சமாதானம் வந்துவிடாது. அக்கரையில் இருக்கும் அக்காளைப் பார்க்க நினைத்த நாளில் டிக்கெட் கிடைக்கணும். அனுப்பிய மூட்டை சொன்ன நாளில் போய்ச் சேரணும்.

இரண்டு நாட்டு அரசாங்கங்களும் அதற்கு வழி செய்யட்டும்!