ஓர் அரசு ஆனையும் மூன்று அம்மாக்களும்

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. பரனூர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். காபி குடிக்கும்போதே கைப்பேசியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா?" என்று கேட்டேன்.

"எச்.ஆர்.ல இருந்து மெயில் தாத்தா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு 'ஃபன் ஃபிரைடே'. எல்லாரும் கண்டிப்பா வரணுமாம். வராதவங்க மேனேஜர்கிட்ட காரணம் சொல்லணுமாம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். எங்கள் காலத்தில் சிரித்தவனிடம்தான் விளக்கம் கேட்பார்கள். இப்போது சிரிக்க வராதவனிடம் கேட்கிறார்கள். காலம் மாறித்தான் விட்டது.

எச்.ஆர். என்ற சொல் அரசாங்கத்துக்கும் வந்துவிட்டது. எங்களுடைய விதிகளுக்கெல்லாம் தாய் வீடாக இருந்த 'பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை' 2021-இல் 'மனிதவள மேலாண்மைத் துறை' என்று பெயர் மாறியது. நீர்வளம், கனிமவளம், மீன்வளம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு மனிதவளம் என்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வளம் என்றால் தோண்டி எடுப்பார்கள், வலை போட்டுப் பிடிப்பார்கள். நல்ல வேளை, 2007-லேயே ஓய்வு பெற்றுவிட்டேன்.

அலுவலகச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றுகிறது. அதில் என் பங்குக்கு ஒரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் அலுவலகத்துக்கு 'ப்யூரோ' என்று பெயர். முதலில் அது மேசை மேல் விரிக்கிற முரட்டுக் கம்பளித் துணி. பிறகு அந்த மேசை. பிறகு மேசை இருக்கிற அறை. கடைசியில் அலுவலகமே அதுவாகிவிட்டது. அதே சொல் இங்கிலீஷ்காரன் வழியாக நம் ஊருக்கு வந்து 'பீரோ' ஆயிற்று. பிரெஞ்சுக்காரன் ப்யூரோவுக்குள் மனிதர்களை உட்கார வைத்தான். நாம் பீரோவுக்குள் கோப்புகளை வைத்துப் பூட்டிச் சாவியைத் தொலைத்தோம்.

குமாஸ்தாவைக் கேலி செய்ய அங்கே ஒரு சொல் உண்டு: 'ரோன் த குய்ர்'. வட்டமான தோல் மெத்தை என்று பொருள். நாற்காலியில் அதைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் என்பதால் ஆளுக்கும் அதே பெயர். ழார்ழ் கூர்த்லின் என்கிற எழுத்தாளர் 1893-இல் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு நகைச்சுவை நாவலே எழுதினார். அவரும் பாரீஸில் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதிகாரியின் அறைக்குப் போனேன். நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் ஒன்று தொங்கியது. அங்கே மெத்தை, இங்கே துண்டு என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி ஊரில் இல்லாவிட்டாலும் துண்டு இருக்கும். நாங்கள் துண்டுக்கே வணக்கம் சொல்லிவிட்டு வருவோம்.

பட்டப்பெயர் இல்லாத அலுவலகம் உண்டா? எங்கள் பிரிவில் ஒருவர் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்துவிடுவார். உச்சிப் பொழுதுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சரியாக வந்து இறங்குவார். அவருக்கு 'திருக்கழுக்குன்றம்' என்று பெயர். மலை மேல் கழுகுகள் வந்து சோறு வாங்கித் தின்றதைப் பார்த்த தலைமுறைக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் ஓயாமல் எழுதுகிற கண்காணிப்பாளருக்கு 'நினைவூட்டு' என்று பெயர். அவர் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தபோது 'நினைவூட்டு-2' என்றோம். அவரும் சேர்ந்து சிரித்து மைசூர்பாகு கொடுத்தார்.

இன்னொருவர், அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கோப்பைத் திறந்து கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிடுவார். அவருக்குத் 'தவப்பூனை' என்று பெயர் வைத்தவன் நான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறவரைப் போலவே கீழே ஒரு பூனையும் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அவ்வளவு பெரிய பாறையில், தேவர்களுக்கும் யானைகளுக்கும் நடுவே, இந்தக் கிண்டலுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறான். அவனிடம் எந்தப் பல்லவ அதிகாரியும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கும் பெயர் இருந்தது: 'முசியே'. நான் சேர்ந்தபோது ஆட்சிமொழிச் சட்டம் வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. கடிதம் எல்லாம் தமிழில் எழுத வேண்டும். எனக்குத் தமிழ் பேச வரும். எழுதுவதில் ண, ந, ன மூன்றும் ஒன்றுதான். 1978-இல் அரசு ஊழியர்கள் தமிழில்தான் கையொப்பம் இட வேண்டும் என்று அரசாணை வந்தது. பிரெஞ்சுப் பாணியில் வளைத்து வளைத்துப் போட்ட என் கையெழுத்து ஒரே நாளில் ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து ஆகிவிட்டது.

சேர்ந்த முதல் மாதம் ஒரு வரைவு எழுதி மேலே அனுப்பினேன். 'மேற்படி அரசு ஆனையின்படி' என்று எழுதியிருந்தேன். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'மேற்படி ஆனை தற்போது எங்கே கட்டப்பட்டுள்ளது? தீவனச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில்?' எழுதியவர் சாட்சாத் நினைவூட்டுதான். பிரிவே சிரித்தது. எனக்குக் காது சூடானது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் டிபன் கேரியரோடு என் மேசைக்கு வந்தார். "ஆணைன்னா உத்தரவு, ஆனைன்னா தும்பிக்கை. எங்கே, பத்து தரம் எழுதுங்க முசியே" என்றார். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் என் வரைவுகளைத் திருத்தினார். இன்று இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற தமிழுக்கு அவர்தான் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கிடைக்காதது சிவப்பு மையில் கிடைத்தது. அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு போட்ட சிரிப்பு.

இனி நான் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் வேறோர் அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவு என்னிடம் இருந்தது. விடுப்புக் கணக்கெல்லாம் என் மேசையில். அங்கே ஒரு கடைநிலை ஊழியர். பியூன் என்ற பெயரை எடுத்துவிட்டு அலுவலக உதவியாளர் என்று மரியாதையாக எழுத ஆரம்பித்ததெல்லாம் பிறகுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரர். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து கதவு திறப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் 'என் தாயார் காலமாகிவிட்டபடியால்' என்று மூன்று நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருந்தார். கட்டைப் புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அதே கையெழுத்தில் அதே வரி. குமாஸ்தா புத்திக்கு இதைவிட வேறு என்ன விருந்து வேண்டும்? அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்த அன்று, எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்: "ஏம்பா, இன்னும் எத்தனை அம்மா பாக்கி இருக்கு?"

பிரிவே குலுங்கியது. அவரும் லேசாகச் சிரித்தார். "இன்னும் ஒருத்தர் இருக்காங்க சார்" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தோம். தவப்பூனைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதன் பிறகு வருஷக்கணக்கில் யார் விடுப்புக் கேட்டாலும் "எத்தனாவது அம்மா?" என்பது எங்கள் வாடிக்கை வசனமாகிவிட்டது.

மூன்று வருஷம் கழிந்திருக்கும். அவர் ஒருமுறை நான்கு நாள் வரவில்லை. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. விதிப்படி விளக்கம் கோரும் குறிப்பாணை தயாரித்தேன். நாங்களெல்லாம் 17(அ), 17(ஆ) என்றால் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவர்கள். சம்பளம் பிடித்தம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று அது எங்கே வேண்டுமானாலும் போகும். அவர் பதில் எழுதிக் கொடுத்தார். நான்கே வரி. 'என் மூன்றாவது தாயார் காலமானார். எழுதிக் கொடுத்தால் சார்மார்கள் சிரிப்பார்கள் என்று எழுதவில்லை. தவறுக்கு மன்னிக்கவும்.'

அந்தத் தாளை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். கடலைப் பார்த்த ஓலை வீடு. சுவரில் மூன்று படங்கள், மூன்றுக்கும் மாலை. பெற்றவர் ஒருவர். அப்பாவின் இரண்டாம் தாரம் ஒருவர். அப்பா கடலில் போனபின் மீன் கூடை தூக்கி விற்று இவரைப் படிக்க வைத்த பெரியம்மா ஒருவர். மூவரையும் அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரே ஒரு கட்டம். அவர் மூன்று முறையும் உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

"மன்னிச்சுக்கப்பா" என்றேன். "அட, என்ன சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அது. அவர் நின்றுகொண்டேதான் பேசினார்.

திங்கட்கிழமை 'விளக்கம் ஏற்கத்தக்கது, மேல் நடவடிக்கை கைவிடப்படலாம்' என்று நானே குறிப்பு எழுதி வைத்தேன். அதிகாரி கையொப்பமிட்டார். அந்தக் கோப்பின் ஓரத்தில் யாரும் வேடிக்கையாக எதுவும் எழுதவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஆனையையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டும் அலுவலகச் சிரிப்புதான். நினைவூட்டு என்னைக் கிண்டல் செய்தார். நான் அவருக்கு நினைவூட்டு என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கும் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. அந்தக் கடைநிலை ஊழியர் எனக்கு என்ன பட்டப்பெயர் வைக்க முடியும்? வைத்திருந்தாலும் எங்கே சொல்ல முடியும்? திருப்பிச் சொல்ல முடியாதவன் சேர்ந்து சிரித்தான் என்றால் அது சிரிப்பல்ல, கும்பிடு. இது எனக்குப் புரிய பதினைந்து வருஷ சர்வீஸ் ஆயிற்று.

ஆகவே இந்தக் கால எச்.ஆர்.காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிரிப்பை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரவழைக்க முடியாது. அது தானாக வரும். செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு டீயோடு வரும். உங்கள் வேலை அதை வரவழைப்பதல்ல. யார் தலையில் அது விழுகிறது என்று பார்ப்பதும், விழுந்தவனுக்குத் திருப்பிச் சொல்ல வாய் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். அப்புறம், உங்கள் படிவத்தில் கட்டங்கள் போதுமா என்றும் ஒருமுறை பாருங்கள்.

போன வருஷம் என் பேத்தியின் பெரியப்பா தவறிப்போனார். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவள் நிறுவனத்தில் துக்க விடுப்பு என்று தனியாகவே உண்டு. அரசு ஊழியருக்குள்ள 12 நாள் தற்செயல் விடுப்பில் கை வைக்க வேண்டிய நிலைமை இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்ப்யூட்டர் பட்டியலில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டும்தான். பெரியப்பாவைக் காணோம். பிரெஞ்சுக்காரனும் இப்படித்தான். சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாருக்கும் 'தான்த்' என்று ஒரே சொல். மாமியாருக்கும் மாற்றாந்தாய்க்கும் 'பெல்-மேர்' என்று ஒரே சொல். அவன் சொல்லில் இல்லாதது அவன் படிவத்தில் இல்லை, சரி. நம் சொல்லில் இருப்பது நம் படிவத்தில் ஏன் இல்லை?

"கடைசியில எதைம்மா அழுத்தினே?" என்று கேட்டேன்.

"அப்பான்னு போட்டேன் தாத்தா."

"யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல. எங்கப்பா நல்லா இருக்கணும்னு வேண்டிக்கோங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் குப்பத்துச் சுவரில் இருந்த அந்த மூன்று படங்கள் ஞாபகம் வந்தன.