பாட்டியும் கடலைப் பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சென்னை மெரினா கடற்கரைக்குப் போனால் ஒரு காட்சி கண்ணில் படும்.

வெளியூரில் இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கும். பிள்ளைகள் மணலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அப்பாவும் அம்மாவும் பின்னால் ஓடுவார்கள். பாட்டி மட்டும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்பார்.

பாட்டிக்குக் கடல் பிடிக்காதா? பிடிக்கும். முழங்கால்தான் இடம் கொடுக்காது. ரோட்டுக்கும் அலைக்கும் நடுவே மணல் கிடக்கிறது. சில இடங்களில் அதன் அகலம் 400 மீட்டருக்கும் மேல். கால் புதையப் புதைய அவ்வளவு தூரம் போய், திரும்பியும் வரவேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது ஒரு மலை ஏறுவது போல.

மணல் வந்த கதை

இந்த மணல் ஆதியில் இருந்தே இங்கே கிடந்தது அல்ல. ஒரு காலத்தில் அலை, ரோட்டுக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டு இருந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். இந்தக் கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்ந்து போகும். துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே நின்றது. வந்த மணல் அங்கேயே தங்கியது. சுவருக்குத் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் போகவே, கடல் கரையை அரித்தது.

மெரினாவில் உலாவ நடைபாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தவர் கிராண்ட் டப். 1881 முதல் 1886 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். அவர் போட்ட பாதை கரையோடு ஓடுகிறது. கடலை நோக்கிப் போகும் நிரந்தரப் பாதை வர அதற்கு அப்புறம் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

மரப்பாதை வந்தது

முதியவர்களுக்காவது மெல்ல மெல்ல நடந்து போகலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. நாற்காலியின் முன்பக்கம் இருப்பவை சிறிய சக்கரங்கள். மணலில் இறங்கியதும் புதைந்துவிடும். தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால், ஊரே வேடிக்கை பார்க்க மூட்டை போலத் தூக்கிச் செல்லப்படுவது யாருக்குப் பிடிக்கும்?

டிசம்பர் 3-ந் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி மெரினாவில் தற்காலிகமாகப் பாதை போடும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்தது. சில நாட்களில் அதை எடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கடல் தூரத்தில்தான். நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2022 நவம்பர் 27-ந் தேதி அது நிறைவேறியது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பலகைகளால் ஒரு பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போய்க் கடலைப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் ஆகவில்லை. டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கத்துப் பகுதி சேதம் அடைந்தது. "பணம் வீணாயிற்று" என்று பலரும் பேசினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், சென்னையில் மழைக்காலத்தில் புயல் வருவது புதுமையா? புயலில் ரோடும்தான் உடைகிறது. அதற்காக ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பாதையைப் பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள். அதுதான் சரி.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டும்போது பணம் ஒதுக்குகிறவர்கள், காப்பாற்றுவதற்கும் ஒதுக்கவேண்டும். உப்புக் காற்று ஆணியைத் தின்னும். பலகை மேல் மணல் மூடும். தினமும் கூட்ட ஆள் வேண்டும். ஒரு பலகை பெயர்ந்தாலும் நாற்காலிக்கு வழி அங்கேயே முடிந்துவிடும்.

அரை அடி உயரம்

கடலுக்குப் போகும் பாதை எங்கே தொடங்குகிறது? மணலில் அல்ல. பஸ் நிற்கும் இடத்தில் தொடங்குகிறது. 2024-ல் தாழ்தள பஸ்கள் சென்னைக்கு மறுபடியும் வந்தன. சக்கர நாற்காலியோடு அவற்றில் ஏறலாம், இறங்கலாம். இறங்கியதும் என்ன? நடைபாதை விளிம்பு அரை அடி உயரம். நடக்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நாற்காலியில் இருப்பவருக்கு அது மதில் சுவர். அரை அடி உயரத்தை ஏற 6 அடி நீளச் சரிவு போட்டால் போதும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அப்படிப் போட்ட சரிவின் வாயிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! வண்டி நுழையாமல் இருக்க நடும் கம்பிகளும் அப்படித்தான். இடைவெளி 3 அடியாவது இருந்தால்தான் நாற்காலி நுழையும்.

இதெல்லாம் இரக்கப்பட்டுச் செய்கிற உதவி அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் பேசியது. வசதி செய்வதற்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

மெரினா சுமார் 6 கிலோ மீட்டர் நீளம். அதற்கு ஒரு பாதை எந்த மூலைக்கு? அண்ணா சதுக்கத்தில் இறங்கும் பாட்டி, விவேகானந்தர் இல்லம் வரை நடக்க முடியுமா? அங்கங்கே இன்னும் பாதைகள் வேண்டும். நொச்சிக்குப்பம் பக்கம் போடுவதானால், படகு இழுக்கும் இடத்தையும் வலை காயும் இடத்தையும் மீனவர்களைக் கேட்டு விட்டுவிடவேண்டும். ஒருவருக்கு வழி விட இன்னொருவரின் பிழைப்பை மறிக்கக்கூடாது.

மரப்பாதையில் மற்றவர்கள் நடக்கலாமா? காலியாக இருந்தால் நடக்கட்டும். நடுவில் உட்கார்ந்து சுண்டல் தின்பதும், படம் எடுப்பதும்தான் தொல்லை. நாற்காலி வந்தால் இரண்டு எட்டு ஒதுங்கி நிற்க யாரும் சொல்லித்தரவேண்டியது இல்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மாநகராட்சி ஆட்கள் ஒருமுறை பாதை முழுவதும் நடந்து, ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்க்கவேண்டும். ஒரு சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பஸ் நிற்கும் இடத்தில் இருந்தே தள்ளிப் பார்க்கட்டும்.