சைக்கிளுக்கு வயது பார்த்த கதை

போன மாதம் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கையில் தெரிந்த ஐயா ஒருவர், "தம்பி, வீட்டுப் பக்கம் ஒருக்கா வாரும். ஒரு சாமான் காட்டவேணும்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பல்கணியில் ஒரு பழைய றலி சைக்கிள்! லண்டனில் இருக்கும் மருமகன் பழைய சாமான் சந்தையில் வாங்கி வானில் ஏற்றி வந்ததாம்.

"எங்கட அப்பு வைச்சிருந்தது போலதான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தினது" என்றார் ஐயா. பேரன் கறளை உரஞ்சிக் கறுப்பு எனமல் அடிக்க ஆயத்தமாக நின்றான்.

நான் மறித்தேன். வயது தெரியாமல் மை பூசக்கூடாது. றலியின் பிரேம் இலக்கத்தை மட்டும் வைத்து வருடம் சொல்வது கடினம். ஆனால் இந்தச் சைக்கிளின் பின்சில்லில் ஸ்ரேர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் இருந்தது. 1936இல் அறிமுகமான ஏ.டபிள்யூ. வகை. அந்த ஹப்பின் மேலேயே செய்த வருடமும் மாதமும் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். 56, 7 என்று தெரிந்தது. 1956 ஆடி மாதம்.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேரனிடம், "சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருசம், மோனை. எனக்கு அப்ப பதினொரு வயசு" என்றார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹப்பில் உள்ளது ஹப்பின் வயதுதான். சில்லு பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே மற்றப் பாகங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். றலியின் பெரிய பற்சில்லில் கொக்கின் தலைகள் வெட்டியிருக்கும். ஹம்பர் என்றால் முன் கவை இரட்டைக் குழாயாக இருக்கும். பிரெஞ்சுச் சைக்கிள் அகப்பட்டால் வரித்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 1893இல் வந்த சைக்கிள் வரி 1958 வரை இருந்தது. அந்தத் தகட்டைக் கழற்றி எறிய வேண்டாம்.

திருத்தும்போது பெடல் தண்டின் கொட்டர் பின்னைச் சுத்தியலால் நேரே அடித்தால் வளைந்துவிடும். அழுத்திக் கழற்றும் கருவி பாவியுங்கள். கம்பிப் பிறேக் உள்ள பெரிய சில்லுக்கு 28 x 1½ ரயர் வேண்டும். கடையில் 635 என்று கேளுங்கள். இங்கு வழக்கமான 622 அதற்குப் பொருந்தாது. பழைய மையும் எழுத்தும் மிஞ்சியிருந்தால் துடைத்து மெழுகு பூசினால் போதும்.

பேரன் எனமல் டின்னை மூடி வைத்தான். பிறகு, "அப்புவின்ர சைக்கிள் இப்ப எங்கை?" என்று கேட்டான்.

பெற்றோல் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தையே சைக்கிள்தான் சுமந்தது. டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், ஐயா அந்தச் சைக்கிளில் ஆச்சியை இருத்தி உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். வன்னிக்குப் போகும்போது அது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றுவிட்டது.

பேரன் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சைக்கிள் ஓடினார்கள்? இந்த ஞாயிறே கேட்டு, எழுதி வையுங்கள்.