கதையோடு வந்த கடிதம்

சாயல்குடிப் பக்கம் எழுதுகிறவர்கள் கூடினால் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: நேரமில்லை. பள்ளிக்கூட வேலை, கடை, உப்பளம், பிள்ளைகளின் டியூஷன். பாளையைச் சீவாமல் விட்டால் சுரப்பு நின்றுவிடும், அதுபோலத் தினமும் எழுது என்று புதியவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு, நாம் மாதக்கணக்கில் பேனா தொடாமல் இருக்கிறோம்.

நேரம் ஒரு காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தி பட்டாளத்தில் இருந்தவர், பிறகு அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. கி. ராஜநாராயணன் சம்சாரி. ஓய்வு கிடைக்கட்டும் என்று இவர்கள் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

நமக்கு இல்லாமல் போனது நேரமல்ல, ஆள். கி.ரா. கதை எழுத வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்குள் கை கடிதத்தில் பழகிவிட்டது. கி.ரா.வின் ஊரான இடைசெவலிலேயே பிறந்த கு. அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை போனார்; 1950களில் மலாயா போய்த் ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்தார். ஊரோடு இருந்த நண்பரிடம் பேசக் கடிதம்தான் இருந்தது. கி.ரா.வுக்கு அவர் எழுதியவை பின்னால் புத்தகமாகவே வந்துவிட்டன. இப்படிப்பட்ட கடிதத்தில் கரிசலை வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை. வாங்கிப் படிக்கிறவருக்கு அந்த மண் தெரியும். பேச்சு நேரே விஷயத்துக்குள் போய்விடும். கி.ரா. கதைகளில் எதிரே ஒருவர் உட்கார்ந்து ‘உம்’ கொட்டுவதுபோல ஒரு தொனி உண்டே, அது இந்தக் கடிதப் பேச்சில் பழகியதாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று வாட்ஸ்அப் குழுவில் கதையைப் போட்டால் கட்டைவிரல் வருகிறது. ‘மூணாவது பக்கத்துக்குப் பிறகு அந்தக் கிழவி எங்கே போனாள்?’ என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. அதனால் ஒரு யோசனை: இதழுக்கு அனுப்புமுன் யாராவது ஒருவருக்குத் தாளில் எழுதி அனுப்புங்கள். பாராட்டுகிறவர் வேண்டாம், கேள்வி கேட்கிறவர் போதும். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த பக்கத்தைத் தள்ளிப்போட மனம் வராது.

இந்த இதழுக்கு நரிப்பையூர்ப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. முதல் பக்கம் முழுக்கச் சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது. கூடவே, தாமதத்துக்கு வருத்தம் சொல்லி ஒரு கடிதம். பதநீர்ப் பருவமாம். வீட்டம்மா பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்க்கிற நேரத்தில் போய், “என் பேனாவைப் பாத்தியா?” என்று கேட்டு வாங்கிய வசவை ஒரு சொல் குறையாமல் எழுதியிருக்கிறார். கருப்பட்டியில் சீனி கலக்கச் சொன்ன வியாபாரிக்கு அந்த அம்மா கொடுத்த பதிலும் உண்டு. கதையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கடிதத்தை அவர் சம்மதத்தோடு இந்த இதழில் போட்டிருக்கிறோம், வியாபாரிக்குச் சொன்ன இரண்டு வரி மட்டும் நீங்கலாக.